மெஷின் பார்க்க வந்தவர் விளையாட்டுப் பெட்டி செய்த கதை



போன மாதம் ஒரு நாள் காலையில் கீழ் டிவிசனிலிருந்து ஒரு தாய் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அன்றைய பேரில் பாதியை விட்டுவிட்டு வந்திருந்தார். கூடவே அவருடைய மகன். பதினேழு வயது. கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுத் தாள்.

"ஐயா, இவனுக்குக் கணக்குல வரல்ல. கொழும்புல கடையில சேர்க்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. வீட்டில இருந்தா ஃபோன்ல கேம் அடிக்கிறான். இல்லாட்டி எதையாச்சும் கழட்டிப் போடுறான். போன கிழமை இவங்க அப்பாவோட ரேடியோவைக் கழட்டிட்டான்" என்றார்.

"திரும்பப் பூட்டினியா தம்பி?" என்று நாங்கள் கேட்டோம்.

"பூட்டிட்டேன் சார். முன்னம் இருந்த இரைச்சல் இப்ப இல்ல" என்றான்.

இப்படியான கடிதங்களை நாங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறோம். அன்றைக்குப் பேனையை எடுத்தும் கை ஓடவில்லை. "ஒரு மாதம் பொறுங்க அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தத் தாய்க்கு அது திருப்தியான பதில் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளைகள் ஃபோனில் விளையாடுகிற வீடியோ கேம் என்ற பொருளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரைப் பற்றி இதில் எழுதுகிறோம். அவர் பெயர் குன்பேய் யோகோய். ஜப்பான்காரர். தொழிற்சாலையில் மெஷின் பராமரிக்கும் ஆளாகத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

கேம் வடிவமைப்பாளர் என்றால் யார்?

முதலில் தொழிலை விளங்கிக்கொள்வோம். வீடியோ கேமில் படம் வரைகிறவர் ஒருவர். கம்பியூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர் இன்னொருவர். இசை அமைக்கிறவர் வேறொருவர். இவர்களுக்கெல்லாம் முன்னால், "இந்த விளையாட்டு எப்படி நடக்க வேண்டும்?" என்று யோசிக்கிறவர்தான் வடிவமைப்பாளர்.

விளையாடுகிறவன் எந்த விரலால் எதை அழுத்துவான்? தோற்றால் என்ன நடக்கும்? எவ்வளவு கஷ்டமாக இருந்தால் அலுப்பு வராது, எவ்வளவு லேசாக இருந்தால் சலித்துப் போகும்? இதையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர். நாங்கள் சின்ன வயதில் கிளித்தட்டு விளையாடும்போது கோடு எங்கே போடுவது, யார் எந்தக் கோட்டில் நிற்பது என்று முதலில் பேசிக்கொள்வோம் அல்லவா? அதுவும் இந்த வேலையின் ஒரு சின்ன வடிவம்தான்.

யோகோய் விளையாட்டின் விதிகளை மட்டுமல்ல, விளையாடுகிற பெட்டியையும் சேர்த்தே யோசித்தவர். அதன் விலை, அதன் பெட்டரி, அது சட்டைப் பைக்குள் அடங்குமா என்பது வரை யோசித்தார். அவருடைய தனிச் சிறப்பு அதுதான்.

பிறப்பும் படிப்பும்

யோகோய் 1941 செப்டெம்பர் 10ஆம் திகதி ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பிறந்தார். அவருக்கு நான்கு வயது ஆகும்போது இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. ஜப்பான் தோற்று, நாடு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டிய காலத்தில் வளர்ந்த பிள்ளை. கியோட்டோ பழைய தலைநகரம். பட்டு நெசவு, மட்பாண்டம், கடதாசி வேலை என்று கைத்தொழிலுக்குப் பேர்போன ஊர்.

பிறகு அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். படித்தார் என்றால் முதல் வரிசையில் வந்தார் என்று நினைக்க வேண்டாம். படிப்பில் அவர் பெரிய கெட்டிக்காரர் இல்லை. படிப்பு முடிந்ததும் பெரிய மின்சாதனக் கம்பனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். கூடப் படித்தவர்களுக்கு வேலை கிடைத்தது. அவரை அந்தக் கம்பனிகள் எடுக்கவில்லை.

கடைசியில் சொந்த ஊரிலேயே இருந்த ஒரு கம்பனியில் 1965ஆம் ஆண்டு வேலை கிடைத்தது. அந்தக் கம்பனியின் பெயர் நின்டென்டோ. இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அன்றைக்கு அது சீட்டுக்கட்டு அச்சடிக்கிற கம்பனி.

சீட்டுக்கட்டுக் கம்பனி

நின்டென்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோவில் ஆரம்பிக்கப்பட்டது. "ஹனஃபுதா" என்ற பூப்படச் சீட்டுக்களைச் செய்தது. ஒரு கட்டில் 48 சீட்டு. வருஷத்தின் 12 மாதத்துக்கும் 12 பூ அல்லது மரம். மாதத்துக்கு நான்கு சீட்டு. முதலில் கையால் செய்தார்கள். பிறகு மெஷின் வந்தது.

1960களில் சீட்டு வியாபாரம் மட்டும் போதாது என்று கம்பனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சிக்குத் தெரிந்துவிட்டது. டக்சி ஓட்டிப் பார்த்தார்கள். வெந்நீர் ஊற்றினால் சோறாகிற உடனடிச் சோற்றுப் பக்கெட் விற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் யோகோய் அங்கே சேர்ந்தார். அவருடைய வேலை, சீட்டுச் செய்கிற மெஷின்களைப் பராமரிப்பது. நம்முடைய ஸ்டோரில் ரோலரும் அடுப்பும் ஓடும்போது எண்ணெய் விட்டு, பெல்ட் பார்த்து, சத்தம் மாறினால் ஓடி வருகிற மெக்கானிக் அண்ணன் இருக்கிறார் அல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரி வேலை. மெஷின் ஒழுங்காக ஓடினால் பெரிதாக வேலை இல்லை. ஓடாவிட்டால்தான் ஆளைத் தேடுவார்கள்.

சும்மா இருந்த நேரத்தில் யோகோய் அங்கே இருந்த கருவிகளை வைத்துத் தனக்காக ஒரு சாமான் செய்தார். அதுதான் அவருடைய வாழ்க்கையை மாற்றியது.

இழுத்தால் நீளும் கை

டவுனில் கடை வாசலில் இழுத்து மூடுகிற இரும்புக் கேட்டைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டிகள், பெருக்கல் அடையாளம் போல, ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் ஆணி. ஒரு பக்கம் அமுக்கினால் சுருங்கும், இழுத்தால் நீளும். யோகோய் செய்ததும் அதே தத்துவம்தான். இரண்டு கைப்பிடி. பிடிகளைச் சேர்த்து அழுத்தினால் பட்டிகள் நீண்டு முன்னால் போய், நுனியில் உள்ள கொறடு எட்ட இருக்கிற சாமானைப் பிடிக்கும். பிடிகளை விரித்தால் திரும்பி வரும்.

1966ஆம் ஆண்டு தலைவர் யமாவுச்சி தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். யோகோயின் கையில் இருந்த இந்தச் சாமானைக் கண்டார். பிறகு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை நேரத்தில் விளையாடினால் துரை கூப்பிட்டு என்ன சொல்லுவார் என்று நமக்குத் தெரியும். யோகோயும் ஏச்சு வாங்கப் போகிறோம் என்றுதான் போனார்.

தலைவர் ஏசவில்லை. "இதை விற்கிற சாமானாகச் செய்" என்பதுதான் உத்தரவு. நத்தார் வியாபாரத்துக்கு அது கடைக்கு வர வேண்டும்.

"அல்ட்ரா ஹேண்ட்" என்ற பெயரில் அது வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெஷின் பார்க்க வந்த பையனை அதற்குப் பிறகு மெஷினுக்கு அனுப்பவில்லை. புதிய விளையாட்டுச் சாமான்களை உருவாக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

ஒன்றைக் கவனியுங்க. அந்தச் சாமானுக்குள் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமே இல்லை. பெருக்கல் பட்டிப் பொறி உலகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணியதுதான் புதிது.

ஒரு பக்கம் மட்டும் திரும்பும் கார்

அடுத்தடுத்து அவர் செய்த சாமான்களிலும் இதே குணம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே பந்து எறிந்து கொடுக்கும் ஒரு பொறி. 1969இல் "லவ் டெஸ்டர்" என்று ஒன்று. ஆணும் பெண்ணும் ஒரு கையால் கருவியைப் பிடித்து, மற்றக் கைகளைக் கோத்துக்கொண்டால் முள் நகர்ந்து அவர்களுடைய அன்பின் அளவைக் காட்டுமாம். உள்ளே இருந்தது உடம்பின் வழியாக ஓடுகிற மிகச் சிறிய மின்சாரத்தை அளக்கும் சாதாரண மீட்டர்தான். அன்பை அளக்க எந்த மீட்டராலும் முடியாது. ஆனால் அதைச் சாட்டாக வைத்துக் கை பிடிக்கலாம் என்று வாங்கினவர்கள் நிறையப் பேர்!

1970களின் தொடக்கத்தில் ரேடியோவால் ஓட்டுகிற விளையாட்டுக் கார்கள் மிகவும் விலையாக இருந்தன. இடது, வலது, முன், பின் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்பதால் விலை ஏறியது. யோகோய் அந்தக் கட்டுப்பாடுகளை எல்லாம் வெட்டினார். ஒரே ஒரு பொத்தான். அழுத்தாவிட்டால் கார் நேரே போகும். அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. ஆனால் வட்டமாக ஓடுகிற ஓட்டப் போட்டியில் இடது பக்கம் திரும்பினால் போதும் அல்லவா? காரின் பெயரே "லெஃப்டி". விலையும் குறைந்தது, இல்லாத பிள்ளைக்கும் எட்டியது.

வாடினால்தான் தேயிலை

தன்னுடைய இந்த வழிமுறைக்கு யோகோய் ஒரு பெயர் வைத்திருந்தார். அதைத் தமிழில் சொன்னால், "வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது" என்று வரும்.

வாடிப்போனது என்றால் என்ன? எல்லாருக்கும் பழக்கப்பட்டது, விலை இறங்கியது, எங்கே பிழைக்கும் எங்கே பிழைக்காது என்று நன்றாகத் தெரிந்தது. பக்கவாட்டில் யோசிப்பது என்றால், அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதை விட்டுவிட்டு வேறொரு வேலைக்குத் திருப்புவது.

உறவுகளே, மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நேரம் எடுக்கும். நமக்கு விளக்கத் தேவையில்லை. மலையிலிருந்து வருகிற பச்சைக் கொழுந்தை அப்படியே ரோலரில் போடுகிறோமா? இல்லை. மேலே பரப்பிக் காற்று விட்டு, ஈரம் இறங்க மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். வாடாத கொழுந்து ரோலரில் நொறுங்கிச் சாறு வீணாகும். வாடிய கொழுந்துதான் முறுகும், தேயிலையாகும். வாட்டம் என்ற சொல் வெளியில் கெட்ட சொல். ஸ்டோருக்குள் அது முதல் வேலை.

புதிய பொருளின் பின்னால் ஓடுகிறவன் அதன் விலையோடும் பிழையோடும் போராட வேண்டும். பழகிய பொருளை எடுக்கிறவனுக்கு யோசிக்க நேரம் மிச்சம். யோகோய் இதை வாழ்க்கை முழுக்கப் பிடித்துக்கொண்டார்.

கோச்சியில் கண்ட கல்குலேட்டர்

1970களின் கடைசி. யோகோய் ஜப்பானின் வேகக் கோச்சியில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு ஆபீஸ்காரர். அலுப்புத் தாங்காமல் தன் கல்குலேட்டரில் சும்மா பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். "பெரியவர்களும் யாருக்கும் தெரியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு சாமான் இருந்தால்?" என்று யோகோய் நினைத்தார்.

பிறகு ஒரு நாள் தலைவரின் சாரதிக்குச் சுகமில்லை. தலைவரின் கார் வெளிநாட்டுக் கார். அதை ஓட்டத் தெரிந்த யோகோயைச் சாரதியாகப் போகச் சொன்னார்கள். போகிற வழியில் பேச்சுவாக்கில் இந்த யோசனையைச் சொன்னார். தலைவர் கேட்டுக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நாளில் அவர் ஷார்ப் கம்பனிக்காரர்களோடு பேசி வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஏன் ஷார்ப்? கல்குலேட்டரில் சாம்பல் நிறத்தில் கறுப்பு எண்கள் தெரிகிற எல்.சி.டி. திரையைச் செய்தது அவர்கள். அப்போது கல்குலேட்டர் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தன. திரைகள் மலிவாகக் கிடைத்தன. இதுவும் வாடிய கொழுந்துதான்.

ஒரு சிக்கல் வந்தது. திரையும் அதன் மேல் தகடும் மிக நெருங்கி ஒட்டியதால் வெளிச்சமும் நிழலுமாக வளையங்கள் தோன்றிப் படத்தைக் கெடுத்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். வங்கி அட்டையில் எழுத்து மேடு தட்டியிருப்பதைப் போலத் திரையில் நூற்றுக்கணக்கான சின்னப் புள்ளிகளை மேடாக்கினால் தகடு ஒட்டாது என்று யோகோய் கண்டார். அந்தப் புள்ளிகளை எதை வைத்து அழுத்தினார்கள் தெரியுமா? பழைய ஹனஃபுதாச் சீட்டு அச்சு மெஷினைக் கொஞ்சம் மாற்றி! 1965இல் எண்ணெய் விட்டுப் பராமரிக்க வந்த அதே வகை மெஷின், பதினைந்து வருஷம் கழித்து அவருக்குக் கை கொடுத்தது.

1980ஆம் ஆண்டு "கேம் அண்ட் வாட்ச்" வெளிவந்தது. உள்ளங்கை அளவு பெட்டி, ஒரு விளையாட்டு, கூடவே மணியும் காட்டும். 1991 வரை வந்த பல வகைகளும் சேர்த்து ஏறக்குறைய 4 கோடியே 34 லட்சம் விற்றன.

பெருக்கல் இல்லை, கூட்டல் அடையாளம்

1982இல் இதே வரிசையில் "டோங்கி கோங்" என்ற விளையாட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதில் ஆள் நாலு பக்கமும் நகர வேண்டும். அதற்குக் கடைகளில் இருந்த பெரிய கேம் மெஷின்களில் ஒரு தடியை நட்டு வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் போடுகிற பெட்டியில் தடி வைத்தால் முறிந்து போகும்.

யோகோய் தடியை எடுத்துவிட்டுக் கூட்டல் அடையாளம் போல ஒரே தட்டையான பொத்தானை வைத்தார். எந்தக் கையை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் போகும். நடுவில் விரலை வைத்தால் பார்க்காமலே திசை தெரியும். இன்றைக்கும் பிள்ளைகள் டி.வி.யில் விளையாடுகிற கேம் கருவிகளில் இடது பக்கப் பெருவிரலுக்கு அந்தக் கூட்டல் பொத்தான் இருக்கிறது. வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்க.

அந்த டோங்கி கோங் விளையாட்டை முதலில் 1981இல் பெரிய மெஷினுக்காக வடிவமைத்தவர் ஷிகெரு மியமோட்டோ என்ற இளைஞர். ஓவியக் கல்லூரியில் படித்து 1977இல் நின்டென்டோவில் சேர்ந்தவர். கேம் செய்து முன்அனுபவம் இல்லாத அவருக்கு மேலே நின்று வழிகாட்டியவர் யோகோய்தான். அந்த மியமோட்டோதான் பிறகு உலகப் புகழ்பெற்ற "மாரியோ"வை உருவாக்கியவர். தான் கற்றதைத் தனக்கே பூட்டி வைக்காமல் இன்னொருவரைத் தூக்கிவிட்டதையும் நாங்கள் ஒரு பெரிய வேலையாகவே பார்க்கிறோம்.

நாலு பெட்டரியும் ஒரு பிள்ளையும்

1989ஆம் ஆண்டு யோகோயின் குழு "கேம் பாய்" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. கேம் அண்ட் வாட்சில் ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டுத்தான். இதில் கேம் அட்டையை மாற்றி மாற்றிப் போடலாம்.

அதன் திரையில் கலர் இல்லை. மங்கிய பச்சையில் கறுப்புப் படம். பின்னால் வெளிச்சமும் இல்லை. அதே காலத்தில் வேறு கம்பனிகள் கலர்த் திரையும் வெளிச்சமும் உள்ள பெட்டிகளைக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 1989இல் "லிங்ஸ்". ஜப்பானில் 1990இல் "கேம் கியர்". பார்த்தவர்கள் எல்லாரும் கேம் பாய் தோற்கும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இப்போது ஒரு பிள்ளையின் கணக்கைப் போடுவோம். கேம் கியருக்கு 6 பெட்டரி வேண்டும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு 4 பெட்டரி. 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். பெட்டியை அப்பா ஒரு தரம் வாங்கித் தருவார். பெட்டரியை யார் வாங்குவது? பிள்ளையின் கைக்காசு. டோர்ச்சுக்குப் பெட்டரி வாங்குகிற நம் வீடுகளில் இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். கலர் இருந்தால் பார்க்க அழகு. ஆனால் அணைந்துபோன கலரை யாரும் பார்க்க முடியாது.

விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. அந்தக் கேம் பாயும், பிறகு வந்த அதன் கலர் வகையும் சேர்ந்து உலகம் முழுக்க ஏறக்குறைய 11 கோடியே 87 லட்சம் விற்றன.

தோல்வியும் உண்டு

வெற்றியை மட்டும் சொல்லி முடித்தால் அது சினிமாக் கதை. 1995இல் யோகோய் "வெர்ச்சுவல் பாய்" என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடி போல முகத்தை வைத்துப் பார்க்கிற கருவி. காட்சி ஆழமாகத் தெரியும். ஆனால் எல்லாமே சிவப்பு நிறம். கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றார்கள். தலையில் மாட்டிக்கொண்டு நடமாடவும் முடியாது, மேசையில் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். எட்டு லட்சம்கூட விற்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் உற்பத்தி நின்றது. இந்த முறை அவர் எடுத்தது வாடிய கொழுந்து இல்லை, ஈரம் காயாத கொழுந்து.

1996 ஓகஸ்டில் அவர் நின்டென்டோவை விட்டு விலகினார். 31 வருஷ வேலை. இந்தத் தோல்வியால்தான் போனார் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் போவதற்கு முன், இரண்டு சின்னப் பெட்டரியில் ஓடுகிற சிறிய கேம் பாய் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் போனார். பிறகு "கோட்டோ" என்ற சொந்தக் கம்பனியைத் தொடங்கி, இன்னொரு கைப்பெட்டிக்கான வேலையில் இறங்கினார்.

அதை முடித்துப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1997 ஒக்டோபர் 4ஆம் திகதி பெருந்தெருவில் ஒரு விபத்து. வாகனத்தை விட்டு இறங்கி நின்றவரை இன்னொரு வாகனம் மோதியது. அவருக்கு வயது 56. அவர் தொடங்கிவைத்த பெட்டி "வொண்டர்ஸ்வான்" என்ற பெயரில் 1999இல் வந்தது. அது ஒரே ஒரு பெட்டரியில் ஓடியது. 2003ஆம் ஆண்டு, கேம் உருவாக்குகிறவர்கள் வாழ்நாள் சாதனைக்காகத் தரும் விருதை, அவர் இறந்த பிறகு அவருக்குக் கொடுத்தார்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இதைப் படித்துவிட்டு "ஃபோனில் கேம் அடித்தால் பெரிய ஆள் ஆகலாம்" என்று பிள்ளைகள் யாரும் அம்மாவிடம் சொல்லப் போக வேண்டாம். விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு. யோகோய் செய்கிறவர். ராத்திரி பன்னிரண்டு மணி வரை திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுப்பதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை.

"படிப்பு தேவையில்லை" என்றும் நாங்கள் சொல்லவில்லை. அவர் பல்கலைக்கழகம் போனவர். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று படித்தவர். அந்தப் படிப்பு இல்லாமல் லவ் டெஸ்டரும் இல்லை, கேம் பாயும் இல்லை. கணக்குப் பாடத்தில் வராத பிள்ளை திரும்பவும் எழுதத்தான் வேண்டும்.

நாங்கள் சொல்ல வருவது வேறு. பரீட்சைத் தாள் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுவது பாதிதான். மீதிப் பாதி அவன் சும்மா இருக்கும் நேரத்தில் கையை என்ன செய்கிறான் என்பதில் இருக்கிறது. அந்தத் தலைவர் அன்றைக்கு ஏசி அனுப்பியிருந்தால், யோகோய் கடைசி வரை மெஷினுக்கு எண்ணெய் விட்டிருப்பார். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் இந்தச் சாமான் ஒன்றும் வந்திருக்காது. லயத்தில் ரேடியோவைக் கழட்டுகிற பிள்ளைக்கு அந்தத் தலைவர் நாம்தான். அம்மா, அப்பா, மாமா, டீச்சர், நாங்களும்தான்.

ஒரு உபயோகமான தகவலையும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ. என்ற சான்றிதழ் முறை இருக்கிறது. அதில் 1 முதல் 7 வரை படிகள். 5, 6ஆம் படிகள் டிப்ளோமா. 7ஆம் படி பட்டத்துக்குச் சமம். பயிற்சி நிலையத்தில் படித்தும் வாங்கலாம். ஏற்கெனவே வேலை செய்து பழகினவர்கள் தங்கள் கைவேலையைக் காட்டி, சோதனைக்கு இருந்தும் வாங்கலாம். ஸ்டோரில் பல வருஷம் மெஷின் பார்த்த அண்ணன்மாருக்கும் இது பொருந்தும். எந்தத் தொழிலுக்கு எந்த நிலையத்தில் இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். படிவம் நிரப்பத் தெரியாது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

அந்தப் பையன் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கணக்குப் பாடத்தைத் திரும்ப எழுத விண்ணப்பம் போட்டிருக்கிறான். மின்சாதனம் திருத்துகிற வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறான். இடம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. அவனுடைய தாய் இன்னும் முழுமனதாக ஒத்துக்கொள்ளவில்லை. "கடைக்குப் போனா மாசம் கையில காசு வரும் ஐயா" என்கிறார். அவர் சொல்வதில் பிழை இல்லை. வீட்டு அடுப்பு அவருக்குத்தான் தெரியும். அதனால் கொழும்புக் கடிதம் வேண்டாம் என்று நாங்கள் முடிவு சொல்லவில்லை. முடிவு அந்தக் குடும்பத்துடையது.

ஆனால் போன சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. அதை அவனிடம் கொடுத்து அனுப்பினோம். திங்கட்கிழமை கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். இதை எழுதும்போது மணி சரியாக நாலரை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஏசுவதற்கு முன்னால் ஒரு தரம் எங்களிடம் கூட்டி வாருங்கள்.